மூன்று தரம் வேண்டாம் என்றவர்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். தொழிற்பள்ளியைப் பாதியில் விட்டவன், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வாங்கில் பலகையில் இருந்ததைவிட அதற்குக் கீழே ஒளிந்திருந்த நேரம் அதிகமானவன், ஒரு பெரிய மனிதரைப் பற்றி எழுத வெளிக்கிட்டால் ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும், அது எனக்குப் பழக்கம். சோம்பல்தான் பெரிய தடை. ஆனால் காரில் வெயில் மறைப்பைக் கீழே இழுக்கும்போதெல்லாம் அதன் பின்னால் இருக்கும் சின்னக் கண்ணாடியில் அவர் முகம்தான் வருகிறது. டென்மார்க்கில், எங்கள் ஊரான ஹொல்ஸ்டெப்ரோவில், பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் நிறுத்திய அதே காரில், என் பக்கத்து இருக்கையில் கோட்டும் சூட்டுமாக இருந்துகொண்டு, அந்தக் கண்ணாடியைப் பார்த்து "வேண்டாம்" என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார். முதலாவது வேண்டாம் சிரிப்போடு. இரண்டாவது தலையை ஆட்டி. மூன்றாவது கையைக் கூப்பி, குரலைக் கொஞ்சம் உடைத்து.

"எப்பிடியடா?"

"மூண்டாவதுக்கு நான் அழுதிடுவன் போல கிடக்கு மாமா."

"நீ அழப்படாது. நீ எதிர்க்கட்சி."

ஊரில் எல்லோருக்கும் அவர் ஆலோசகர். எனக்கு மாமா, சொந்தம் ஒன்றுமில்லை, டென்மார்க்கில் அப்பாவின் வயதுடைய தமிழர் எல்லாருமே மாமாதான். பகலில் ஜன்னல் செய்யும் ஆலையில் வேலை. மிச்ச நேரமெல்லாம் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துக்குத் தலைவர்களைச் செய்கிற வேலை. அவர் நிறுத்திய ஆள் எவரும் தோற்றதில்லை. வென்றவர்கள் நன்றிக்கடனாக ஏதாவது பதவி தர வந்தால் ஒன்றைத்தான் வாங்கிக்கொள்வார்: தலைவரின் ஆலோசகர். சங்கத்தின் யாப்பில் அப்படி ஒரு பதவியே கிடையாது. டெனிஷ் மொழியில் சங்கத் தலைவருக்கும் ஆலை மேற்பார்வையாளருக்கும் ஒரே சொல் என்பதால், ஆலைக் கங்காணியின் ஆள் என்று நினைத்துவிடக்கூடாதென்று, வெள்ளைக்காரரிடம் தன்னைப் "பிரசிடென்டின் ஆலோசகர்" என்றே அறிமுகம் செய்வார். குடும்ப வைத்தியர் அதைக் கேட்டுவிட்டு அவருடைய இரத்த அழுத்தத்தை இன்னொரு தடவை அளந்து பார்த்தாராம்.

அவருடைய அரசியல் முழுக்கக் காரிலும், கூட்டத்தில் கொடுக்கிற பொரித்த ரோல்ஸ் பலகாரத்திலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமையில் எங்கள் பக்கம் பஸ் வருவது அபூர்வம் என்பதால், வருடக் கூட்டத்துக்கு யாரை யார் ஏற்றிவருவது என்பதை மாதக்கணக்கில் யோசிப்பார். "காரில ஏத்தினவனுக்குத்தான் கை தூக்குவாங்கள். புருசன் ஒரு பக்கம், மனிசி ஒரு பக்கம் எண்டா மனிசியை முதல் ஏத்து" என்பார். கத்தோலிக்கர் பூசை முடிந்து நேரே வந்துவிடுவார்கள். பெந்தகோஸ்துக்காரரின் ஆராதனை எப்போது முடியும் என்று அவர்களுக்கே தெரியாது. முதலில் வந்தவர்கள் ரோல்ஸை முடித்துவிட்டால் பிந்தி வந்தவர்கள் அந்தக் கோபத்தை வோட்டில் காட்டுவார்கள். அதனால் வாக்கெடுப்பு முடியும்வரை ரோல்ஸ் பெட்டிகள் அவருடைய காருக்குள் பூட்டியிருக்கும். பசித்த சனம் நீண்ட பேச்சை விரும்பாது. எதிராளி வாயைத் திறந்ததுமே "கெதியா முடியுங்கோ" என்று யாராவது கத்துவார்கள். அந்த யாராவது பெரும்பாலும் நான்தான்.

ஆனால் அவருடைய கைராசி எல்லாவற்றுக்கும் மூலம் அந்த மூன்று வேண்டாம்கள். "பதவி கேட்டு வாறவனை எங்கட சனம் கலைக்கும். வேண்டாம் எண்டு ஓடுறவனைப் பிடிச்சு இருத்தும்" என்பது அவர் கண்டுபிடித்த விஞ்ஞானம். தலைவராக விரும்பிய எல்லோரும் அவர் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வேண்டாம் சொல்லிப் பழகியவர்கள். ஒருவர் பாத்திரத்தோடு ஒன்றிப்போய்ப் பார்க்கிங்வரை ஓடிவிட்டார். நாலு பேர் போய்த் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்கு அவர் வென்ற வெற்றியைப் போல ஒன்றை ஊர் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

இப்படி ஊருக்கெல்லாம் செய்தவருக்குத் தனக்கென்று ஒரு ஆசை வந்தது. அடுத்த கோடையோடு ஆலையிலிருந்து ஓய்வு; பிறகு மகளோடு ஓல்போர்க்குக்குக் குடிபோவதாக முடிவு. அதாவது எங்கள் ஊரில் அவருக்கு வரப்போகும் வருடக் கூட்டம்தான் கடைசி. மாமி வேறு குத்திக்காட்டிக்கொண்டிருந்தா: "ஊரில இருக்கிற மண்டூகம் எல்லாத்தையும் தலைவராக்கிப் போட்டார். தான் மட்டும் இன்னும் ரோல்ஸுக்குக் காவல்." ஒருநாள் காரில் போகும்போது, ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒருக்கா மண்டபத்தில தலைவர் இருக்கிற அந்த முன் கதிரையில இருந்திட்டுப் போவம் எண்டு கிடக்கு. ஒரே ஒருக்கா." எப்போதும் எதையாவது சொல்லி அவரைக் கடிக்கிற நான் அன்றைக்குக் காரை மெதுவாக்கினேன்.

போட்டியில்லாமல் வருவது அவருக்கு மரியாதைக் குறைவு. அதனால் நிச்சயமாகத் தோற்கக்கூடிய ஒரு எதிராளி தேவைப்பட்டார். பெற்ற அம்மாகூட வோட்டுப் போடாத ஆளாகத் தேடி, கடைசியில் என்னிடம் வந்தார்.

"பெயர் சொன்ன உடன நீ ஓம் எண்டு துள்ளி எழும்பு. வெக்கங்கெட்டவன் மாதிரி."

"அதுக்கு நடிக்கத் தேவையில்லை மாமா."

"அதாலதானே உன்னைப் பிடிச்சனான். நீ பதவிக்குப் பறக்கிறதைச் சனம் பாக்கும். பிறகு நான் வேண்டாம் எண்டுறதைப் பாக்கும். கதை முடிஞ்சுது."

முந்தின வருடக் கூட்டத்தில், யார் கூட்டத்தை நடத்துவது என்பதிலேயே சண்டை வந்து கதிரை பறந்திருந்தது. இந்த முறை நடுநிலையான ஒருவர் வேண்டுமென்று, நூலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு டெனிஷ் அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த யோசனையும் மாமாவுடையதுதான். வெள்ளைக்காரி நடத்தினால் தன் வெற்றியில் ஒருவரும் பிழை பிடிக்க முடியாது என்பது கணக்கு.

என்னை என் நண்பன் முன்மொழிந்தான். நான் ஓம் என்று எழும்பினேன். மண்டபம் சிரித்தது. என் அம்மா முகத்தைக் கையால் மூடிக்கொண்டா. எல்லாம் திட்டப்படி. அடுத்து அவர் பெயர் வந்தது. டெனிஷ் அம்மா அவரைப் பார்த்து, நிற்க விருப்பமா என்று அன்பாகக் கேட்டா. அவர் எழும்பி, கோட்டுப் பொத்தானைப் போட்டு, ஆலையில் முப்பது வருடமாகப் பழகிய டெனிஷில், சிரிப்போடு, வேண்டாம் என்றார்.

"நல்லது, நன்றி" என்றா அவ.

அவர் கொஞ்சம் தடுமாறினார். ஆனாலும் கெஞ்சல் இனித்தான் வரும் என்ற நம்பிக்கையில், தலையை ஆட்டி இரண்டாவதைச் சொன்னார். இதற்குள் எங்கள் சனம் தன் கடமையைத் தொடங்கிவிட்டது. "நீங்கள்தான் வரவேணும்!" "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை!" என்று நாலு பக்கமும் குரல். டெனிஷ் அம்மா கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினா. ஒருவர் விருப்பமில்லை என்று சொன்னபிறகு அவரை நெருக்குவது சரியில்லை, தான் இருக்கும் கூட்டத்தில் அதை அனுமதிக்கமாட்டேன் என்றா. மண்டபம் அமைதியானது. அந்த அமைதிக்குள் அவர் மூன்றாவதைச் சொன்னார். கை கூப்பியிருந்தது. குரல் உடைந்தது, இந்தமுறை பழகியதைவிடக் கொஞ்சம் அதிகமாக.

இவ்வளவு தெளிவாகப் பேசிய மனிதருக்கு ஒரு கைதட்டல் கொடுப்போம் என்றா அவ. சனம் தட்டியது. அவரும் பழக்கதோஷத்தில் குனிந்து வணக்கம் சொன்னார். நிமிர்ந்தபோது அந்த அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தா. ஒரே ஒரு வேட்பாளர், வாக்கெடுப்புக்கும் அவசியமில்லையாம்.

அப்போது அவர் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். "எனக்கு விருப்பம்." அவ்வளவுதான். வாய் திறந்ததையும் மூடியதையும் நான் பார்த்தேன். எத்தனையோ பேருக்கு ஆசையை மறைக்கச் சொல்லிக்கொடுத்தவருக்கு, அதை வெளியே எடுப்பது எப்படி என்று ஒருவரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பிறகு சட்டைப்பையில் கார்ச் சாவியைத் தேடிக்கொண்டு வெளியே போனார். ரோல்ஸ் வந்தது. சனம் என்னையும் அவரையும் மறந்தது.

அடுத்தநாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பனி வழித்துக்கொண்டு நின்றார்.

"மாமா, நான் விடுறன். நீங்கள் வாங்கோ."

"உனக்கென்ன விசரே? நான் நிறுத்தின ஆள் இண்டைவரைக்கும் தோத்ததில்லை. நீயும் தோக்கேல்லை." பனி வாரும் சவளை ஊன்றிக்கொண்டு நின்றார். "எனக்கு ஒரு கவலையுமில்லை, விளங்குதே?"

கண் மட்டும் வேறு கதை சொன்னது. எனக்கு அவரிடம் கேட்க ஒன்றுதான் இருந்தது.

"அப்ப எனக்கு ஆலோசகரா வருவியளே?"

வானத்தைப் பார்த்தார். "எனக்கேன் தம்பி இந்த வயசில... இளம் ஆக்களைப் பிடி" என்றார். நான் டெனிஷ் அம்மா இல்லை. கெஞ்சினேன். தலையை ஆட்டினார். மறுபடி கெஞ்சினேன். கையைக் கூப்பினார். கதவடியில் நின்ற மாமி, "காணும், ரெண்டு பேரும் உள்ள வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்று கத்தினா. மூன்றாவது கெஞ்சலுக்கு, பெரிய மனது பண்ணி, ஏற்றுக்கொண்டார்.

அவர் ஊரைவிட்டுப் போகும்வரை நான் தலைவராக இருந்தேன் என்று சொன்னால் சங்கமே சிரிக்கும். என் வாயிலிருந்து வந்ததெல்லாம் அவருடையது, பகிடிகளைத் தவிர. அவருடைய பிரியாவிடையன்று மேடையில் அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லத் தொடங்கினேன். அவரைத்தான் முன் கதிரையில் இருத்தியிருந்தோம். ஆனால் அவர் அங்கேயிருந்து, சோறு ஆறுகிறது, சுருக்கு என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். விருந்தாளியாக இருத்திய கதிரை அவருக்குக் கணக்கில் வரவில்லை.

இப்போது ஓல்போர்க்கில் இருக்கிறார். என்னை முன்மொழிந்த நண்பனுக்கும் இப்போது அங்கே ஆஸ்பத்திரியில் வேலை. போன ஞாயிறு அந்த ஊர்ச் சங்கத்தின் வருடக் கூட்டம். அங்கேயும் ஒரு டெனிஷ் அம்மாதான் நடத்துவதாகக் கதை. முதல்நாள் அவருக்குப் போன் எடுத்து, "மாமா, தலைவருக்கு நிக்கச் சொல்லிக் கேட்டா என்ன சொல்லுவியள்?" என்றேன். "உன்ர வேலையைப் பார்" என்று வைத்துவிட்டார். கூட்டம் முடிந்திருக்கும் நேரம் பார்த்து, என்ன நடந்தது என்று நண்பனுக்கு மெசேஜ் போட்டேன். பதில் வந்தது:

"மச்சான், அந்த டெனிஷ் மனிசி கேட்டு முடிய முதலே ஓம் எண்டு எழும்பிட்டார், ஆனா அவ கேட்டது பொருளாளர் பதவிக்கு."