அப்பா மட்டும் மங்கல்

"இந்த அட்டையை உடையவர், சுபநிகழ்ச்சிகளில் நடைபெறும் அனைத்தையும் உள்ளது உள்ளபடியும், வந்திருப்போர் ஒருவர் விடாமலும், தெளிவாகப் பதிவு செய்யும் தொழிலில் ஈடுபட்டுள்ளவர் எனச் சான்றளிக்கப்படுகிறது." வட்டார வீடியோ, போட்டோக் கலைஞர்கள் நலச் சங்கம் கொடுத்த அடையாள அட்டையில், கலீமின் பெயருக்குக் கீழே இப்படி அச்சாகியிருந்தது. அட்டையை அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதில் சொன்ன எதையும் செய்வதில்லை என்பதையும் கிட்டத்தட்ட ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார்.

தெளிவுதான் அவருக்குப் பிடிக்காத விஷயம். ஆசை ஆசையாக வாங்கிய டிஜிட்டல் கேமரா மணப்பெண்ணையும், அவளுக்குப் பின்னால் தொங்கும் சீரியல் பல்பையும், அதற்கும் பின்னால் மூக்கைக் குடையும் உறவினரையும் ஒரே சிரத்தையோடு தெளிவாகக் காட்டியது. ஊரிலிருந்த மற்ற வீடியோக்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். கலீம் வாலிப வயதில் கோடம்பாக்கத்தில் சில காலம் லைட் தூக்கிவிட்டுத் திரும்பியவர். சினிமாவில் முகம் மட்டும் தெரியும். மற்ற உலகமெல்லாம் பின்னால் கரைந்து கிடக்கும். அந்தக் கரைசல் அவர் கண்ணிலிருந்து போகவே இல்லை. ஆகவே நல்ல தெளிவான கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, அதை மங்கலாக்க வழி தேடத் தொடங்கினார்.

சினிமா லென்ஸ் வாங்குவதென்றால் வீட்டை விற்க வேண்டும். ஆனால் அது 2006. ஸ்டுடியோக்காரர்கள் ஃபிலிம் கேமராக்களைத் தலைமுழுகிக்கொண்டிருந்த காலம். அவற்றின் லென்ஸ்களைச் சென்னையில் பழைய சாமான் கடைகளில் கேட்பாரில்லை. ரஷ்யாவில் செய்த எண்பத்தைந்து மில்லிமீட்டர் போட்டோ லென்ஸ் ஒன்று, இரும்புக் குண்டு மாதிரி, கலீமுக்குச் சல்லிசாகக் கிடைத்தது. அதை வீடியோ கேமராவில் நேராக மாட்ட முடியாது. இடையில் ஒரு குழாய் வேண்டும். குழாய்க்குள் பொடி போட்டுத் தேய்த்து மங்கலாக்கிய கண்ணாடி ஒன்று வேண்டும். லென்ஸ் அந்தக் கண்ணாடியில் படத்தை விழவைக்கும். கேமரா அந்தக் கண்ணாடியைப் படம் பிடிக்கும். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எவனோ ஒரு வெள்ளைக்காரன் போட்டிருந்த வரைபடத்தைப் பிரின்ட் எடுத்து, தறி மெஷின்களுக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் லேத்துக்காரர் குமாரவேலிடம் கொண்டுபோனார்.

"பாய், கேமரா நல்லாத்தானே இருக்குது?"

"நல்லா இருக்குதுபா. அதான் பிரச்சினை."

"நல்லா இருக்கறதுக்கு முன்னாடி தேய்ச்ச கண்ணாடிய வெச்சிக் கெடுக்கணும்ன்ற?"

"அழகா கெடுக்கணும்ன்றேன்."

அழகாகவே கெட்டது. பெண்ணின் கண்ணிமை தெளிவாக இருந்தால் அவள் காதே மங்கும். பந்தல் விளக்குகள் சந்தன வில்லைகளாக மிதந்தன. படம் தலைகீழாக விழும் என்பது மட்டும் ஒரு தொல்லை. முகூர்த்தம் முழுவதையும் கலீம் தலைகீழாகத்தான் பார்த்தார். அவர் மனைவி நிக்கத், வீட்டில் கம்ப்யூட்டரில் எடிட் செய்யும்போது நிமிர்த்தி வைத்தார். அந்த வீட்டில் பேச்சு உருதுவில், தொழில் தமிழில், சண்டை இரண்டிலும்.

ஊருக்கு இந்தக் கலை உடனே புரியவில்லை. பட்டுக்கடை வீரபத்திரன் மகள் கல்யாணத்து டிவிடியைப் பார்த்துவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கே வந்தார்.

"எங்க மச்சான் எங்கப்பா?"

"பின்னாடி நிக்கிறாருண்ணா, பாருங்க."

"பின்னாடி ஒரே பொகையா இருக்குது. பாகல்பட்டுல இருந்து பஸ் மாறி வந்த மனுசன்பா. மூஞ்சி தெரிய வாணாமா?"

"இது சினிமா மாதிரிண்ணா. பொண்ண மட்டுந்தான் பாக்கணும்."

"பொண்ணத்தான் இருவத்தி மூணு வருசமா பாத்துக்கினு இருக்கறனே!"

கலீம் சிரித்து அனுப்பிவிட்டார். ரசனை இல்லாத ஜனம் என்று நிக்கத்திடம் சொன்னார். வீரபத்திரன் சொன்னது எவ்வளவு பெரிய விமர்சனம் என்பது அப்போது இருவருக்குமே தெரியாது.

அடுத்த தை மாதம் சின்ன காஞ்சிபுரத்தில் அழகியமணவாளன் வீட்டுக் கல்யாணம் வந்தது. அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பிரபந்தம் ஓதும் கோயில் கோஷ்டியில் தவறாமல் நிற்பவர். ஒரே மகள் ஸுஷ்மா சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த இடத்தில் ஸ்ரீசரணைத் தானே தேர்ந்துகொண்டாள். குலத்தில் குறையில்லை, சம்பளத்தில் குறையில்லை, கும்பிடும் பெருமாளும் ஒருவரே. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வடகலை, இவர்கள் தென்கலை. நெற்றி நாமத்தின் அடியில் பாதம் உண்டா இல்லையா என்பதற்காக வெள்ளைக்காரன் காலத்திலேயே கோர்ட்டு ஏறிய ஊர் இது. அழகியமணவாளன் கல்யாணத்துக்குச் சம்மதித்தார். பெண்ணோடு பேசத்தான் சம்மதிக்கவில்லை. புடவை எடுத்தது, பத்திரிகை அடித்தது எல்லாம் மனைவி வைதேஹி வழியாகவே நடந்தன. அடுத்த அறையில் இருக்கும் மகளுக்கு, "அவளைச் சாப்பிடச் சொல்லு" என்று வைதேஹியிடம் சொல்லியனுப்புவார். ஸுஷ்மாவும் அவர் மகள்தானே. "பசிக்கலைன்னு சொல்லும்மா" என்பாள்.

கன்னிகாதானத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார வேண்டும். தேங்காய் ஏந்திய அவள் கைகளை அவர் கைகள் தாங்கியிருக்கும். அம்மா தண்ணீர் வார்ப்பாள். கோபித்துக்கொண்ட இரண்டு பேரை அவ்வளவு நெருக்கமாக உட்காரவைத்து, முகத்தை மட்டும் பார்த்துக்கொள்ள முடியாமல் செய்துவிடுகிற சடங்கு அது.

கலீம் லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்து பெண்ணின் இமையில் ஃபோகஸை நிறுத்தினார். ஒரு சாண் பின்னால் இருந்த அப்பாவின் முகம் புகையாயிற்று. நடுவில் ஒரு தடவை, ஃபோகஸ் வளையத்தில் அவர் மாட்டியிருந்த ரப்பர் பட்டை நழுவிவிட்டது. கூர்மை பெண்ணை விட்டுப் பின்னால் போனது. கலீம் பதறி வளையத்தைத் திருப்பி, இமையைத் திரும்பப் பிடித்தார். சில விநாடிகள்தான்.

அந்த விநாடிகள் எடிட்டிங்கில் வந்தபோது நிக்கத் நிறுத்தினார்.

"என்னாங்க, இங்க பொண்ணு மங்கலாயிட்டா. பின்னாடி அந்த வாத்தியாரு மூஞ்சி பளிச்சுனு வுழுந்திருக்குது. வுட்டுடலாமா?"

கலீம் டிவிடி உறைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "ஃபோகஸ் அவுட்டு அது. வெட்டு."

"அவரு என்ன பண்றாருன்னு ஒரு தடவ பாருங்களேன்."

"நம்ம மானம் போவும் நிக்கத். வெட்டுன்றேன்ல?"

நிக்கத் வெட்டினார். எடிட்டிங் முடிந்ததும் கம்ப்யூட்டரைக் காலி செய்தார்கள். டேப்பை, அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுபோல, அடுத்த விசேஷத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

டிவிடி கொடுப்பதில் கலீம் சோம்பேறி. அவர் கொடுப்பதற்கு முன்பே, ஓரிக்கைப் பக்கம் பாலாற்றங்கரைக்கு நடக்கப் போன அழகியமணவாளன், மார் வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஸுஷ்மா ஒருமுறை வந்து போயிருந்தாள். அப்போதும், "அவளுக்குக் காபி கொடு" என்பதுதான் வைதேஹி வழியாக வந்த கடைசிச் செய்தி.

காரியங்கள் முடிந்தபின் ஸுஷ்மா தனியாக ஸ்டுடியோவுக்கு வந்தாள். டிவிடியைக் கேட்கவில்லை. "மடியில உக்காந்த இடம் மட்டும் போடுங்கோ பாய்" என்றாள்.

கலீம் போட்டார். இமை ஒவ்வொன்றும் எண்ணலாம்போல் இருந்தது. அவளுக்குப் பின்னால் பழுப்பாக ஒரு வட்டம். அதன் நடுவில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு கோடு. அந்த மங்கலில் நாமத்துக்குப் பாதம் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது.

"அப்பா முகம் எங்க?"

"அதோ, பின்னாடிம்மா…"

"இதுக்குப் பேர் முகமா பாய்?"

கலீம் அந்த இடத்தைத் திரும்ப ஓட்டினார்.

"அம்மா, அழுதார்ங்கறா. அத்தை, புகை கண்ணுல பட்டுதுங்கறா. சித்தப்பா, கடுகடுன்னு இருந்தார்ங்கறார். அத்தனை பேர் பாத்திருக்கா. மடியில இருந்த நான் ஒருத்திதான் பாக்கலை." நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "என் மேல கோவம் போயிடுத்தா இல்லையான்னு தெரியணும். வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு. நீங்க நேரா எதிர்ல இருந்தேளே. எப்படி இருந்தார்?"

அந்த நேரத்தில் கலீம் பார்த்தது ஒரு தலைகீழான கண்ணிமையை. அதைச் சொல்லியிருக்கலாம். எதிரில் நின்ற பெண்ணைப் பார்த்து, வாய் தானாகப் பேசிவிட்டது.

"சிரிச்சிக்கினுதாம்மா இருந்தாரு."

"நெஜமாவா?"

"பல்லு தெரியச் சிரிச்சாரும்மா. நான் கண்ணால பாத்தேன்."

அவள் டிவிடியை வாங்காமலேயே போனாள். நன்றி சொன்னதாக கலீமுக்கு நினைவில்லை.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது, ஒரு நல்ல காரியம் செய்தவரின் நிம்மதியோடுதான் சொன்னார். நிக்கத் கையிலிருந்த வேலையை நிறுத்தினார்.

"நீங்க பாத்தீங்களா?"

"எங்க பாக்கறது? ஒரு ஆறுதலுக்குச் சொன்னேன்."

"நான் பாத்தேன்" என்றார் நிக்கத். "வெட்டச் சொன்னீங்களே, அதுல. சிரிக்கவும் இல்ல, அழுவவும் இல்ல. அந்தப் பொண்ணு கொண்டையில சுத்தின பூ அவுந்து சரிஞ்சிக்கினு இருந்தது. அவரு கை ரெண்டும் தேங்காய்க்கு அடியில மாட்டிக்கினு இருக்குது. எப்படிப் புடிப்பாரு? மோவாய வெச்சி அந்தப் பூவை அணைச்சி, வுழாம தாங்கிக்கினு இருந்தாரு. ஐயரு சொல்ற மந்திரத்தத் திருப்பிச் சொல்லக் கூட வாயத் தொறக்கல. தொறந்தா பூ வுழுந்துடும்னு."

கலீம் எழுந்துபோய் டேப்பைத் தேடி எடுத்துப் போட்டார். ஐயம்பேட்டையில் நடந்த காதுகுத்து ஓடியது. ஒரு குழந்தை மிகத் தெளிவாக அழுதது. அதைச் சுற்றி மங்கலாகப் பலபேர் சிரித்தார்கள். டேப்பின் கடைசிவரை ஓட்டிப் பார்த்தார். காதுகுத்து நீளமான காதுகுத்து.

மறுநாள் இருவரும் சின்ன காஞ்சிபுரம் போனார்கள். வைதேஹி உள்ளே படுத்திருந்தார். ஸுஷ்மா கூடத்தில் நாற்காலி போட்டாள். கலீம், தான் பார்க்கவில்லை என்று ஆரம்பித்தார். வாக்கியத்தை முடிக்கத் தெரியாமல் நிக்கத்தைப் பார்த்தார். நிக்கத் பூவைப் பற்றிச் சொன்னார். மோவாயைச் சாய்த்து, தன் தலைமுக்காட்டின் நுனியை அணைத்துக் காட்டினார்.

ஸுஷ்மா அசையாமல் கேட்டாள். பிறகு, "அந்த டேப் இருக்கா?" என்றாள்.

"இல்லம்மா. அதுல வேற ஒண்ணு எடுத்துட்டோம்" என்றார் கலீம்.

"உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே கண்ணு" என்றார் நிக்கத். "தலைமேல அவரு தாடை அழுந்தி இருக்குமே?"

"அது என் முடியே இல்லக்கா. ஆண்டாள் கொண்டை, சவுரி வெச்சுத் தனியா கட்டி மாட்டினது. அது மேல என்ன பட்டாலும் எனக்குத் தெரியாது."

நிக்கத் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

"அன்னிக்குப் பல்லு தெரியச் சிரிச்சார்னேள்" என்று கலீமைப் பார்த்துச் சொன்னாள் ஸுஷ்மா. குரலில் கோபம் இல்லை. "ஆத்துக்கு வந்து யோசிச்சுப் பாத்தேன். எங்கப்பா அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. சரி, எனக்காகச் சொல்றேள்னு விட்டுட்டேன். இப்போ பூங்கறேள். இது அப்பா செய்யக்கூடியதுதான். அதான் எனக்குப் பயமா இருக்கு. இதையும் எனக்காகவே யோசிச்சுண்டு வந்தேளோன்னு."

"அல்லா சத்தியமா பாத்தேம்மா" என்றார் நிக்கத்.

"இருக்கலாம்க்கா. இதை முதல்ல வந்து சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்."

காபி கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் குடித்தார்கள். வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

இரண்டு வருஷத்துக்குள் ஊருக்கு மங்கல் பிடித்துப்போய்விட்டது. "வீரபத்திரன் வீட்ல எடுத்தீங்களே, அந்த மாதிரி பொகையா வேணும் பாய்" என்று தேடி வந்தார்கள். கலீம் எடுத்துக் கொடுத்தார், வேறென்ன செய்வது. மடியில் உட்காரும் சடங்கு வந்தால் மட்டும், ஒரு தடவை ஃபோகஸை வேண்டுமென்றே பின்னால் தள்ளி, அப்பாவின் முகத்தில் நிறுத்துவார். நிக்கத் அதை வெட்டுவதில்லை. ஸுஷ்மா வீட்டு டிவிடியை வாங்க யாரும் வரவில்லை. அது உறையோடு ஸ்டுடியோ அலமாரியில் இருக்கிறது.

சங்கத்து அட்டையை ஆண்டுதோறும் புதுப்பித்தார்கள், 'உள்ளது உள்ளபடியும்' என்ற வாசகம் மாறவில்லை. கலீம் செய்தது இது: ஓர் அப்பாவின் முகம் தெளிவாக விழுந்த சில விநாடிகளைப் பார்க்காமலேயே வெட்டச் சொன்னார், அதன்மேல் ஒரு காதுகுத்தை எடுத்தார், பிறகு, பார்க்காததைப் பார்த்ததாக அந்தப் பெண்ணிடம் சொன்னார்.