பெலாச்சான் லாரியில் போன கூடாரம்

ஒரு கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியவில்லை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோலாலம்பூர்க் கண்காட்சிக்குப் போனேனே, நான் செய்தது சரியா, தவறா? முதலாளியைக் கேட்டால் ஒன்று சொல்கிறார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா, நாங்கள் பிபிக் என்போம், வேறொன்று சொல்கிறார். என் கணவரைக் கேட்டால், "உனக்கு எப்படித் தோணுதோ அப்படித்தான்" என்கிறார். அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த பிறகு நம் ஊரில் கடைகளுக்கும் ஆபீசுகளுக்கும் வேலைக்குப் போகும் பெண்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களில் யாரையாவது முதலாளி கண்காட்சிக்கு அனுப்பக்கூடும். அப்போது எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கக் கூடாது என்று தெரிந்திருப்பது நல்லது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. போக வேண்டி வந்த காரணம்

நாங்கள் குடியிருப்பது மலாக்காவில், காஜா பேராங்கில். நான் வேலை செய்யும் கடை ஜாலான் துக்காங் எமாஸுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. கூடாரம், தூண்டில், பிரஷர் லேம்ப், முதுகுப் பை, கொசுவலை என்று காட்டுக்கும் கடலுக்கும் போகிறவர்களுக்கு வேண்டிய சாமான்கள் விற்கிறோம். கம்பெனிகளுக்கு ஆங்கிலக் கடிதம் அடிப்பது என் வேலை.

முதலாளி காதர் பாய் பார்சல் கயிற்றைக் கத்தியால் வெட்டமாட்டார். எவ்வளவு நேரமானாலும் முடிச்சை அவிழ்த்துக் கயிற்றைச் சுருட்டி வைப்பார். நல்ல மனிதர். குழந்தை பிறந்தபோது நான் கேட்காமலேயே விடுப்பு கொடுத்து, கடையிலிருந்து புதுக் கொசுவலை ஒன்றையும் அனுப்பி வைத்தார்.

எங்களிடம் கூடாரம் வாங்கியவர்களில் பாதிப் பேர் தோட்டத்து துரைமார்கள். அவர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, தென்பகுதி முழுவதற்கும் ஒரே ஒரு கடைக்குத்தான் ஏஜென்சி, கோலாலம்பூர்க் கண்காட்சியில் பார்த்து முடிவு செய்வோம் என்று கூடாரக் கம்பெனி எழுதிவிட்டது.

முதலாளி என்னிடம் ஒளிக்கவில்லை.

"ஏஜென்சி கெடைச்சா நீ இருக்கே, தங்கச்சி. கெடைக்கலேன்னா நான் லேம்புத் திரிதான் விக்கணும். திரி விக்கிறதுக்கு இங்கிலீஷ் எதுக்கு, நீயே சொல்லு."

வீட்டு வாடகையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. கம்பெனி துரையிடம் பேச நான்தான் போகவேண்டும். ஆனால் குழந்தை தாய்ப்பால் மட்டுமே குடித்தாள். புட்டியை வாயில் வைத்தால் துப்பிவிடுவாள். இரண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்டேன்.

"முதலாளி, புள்ளயைக் கூட்டிட்டு வரலாமா?"

"பஸ்ஸுல அதுக்கு டிக்கெட் கேப்பானா?"

"மடியில வச்சிருந்தா கேக்க மாட்டாங்க."

"அப்புறம் என்னா? வரட்டும் லா."

பக்கத்து வீட்டு பிபிக், பல தலைமுறைக்கு முன் மலாக்காவில் குடியேறிய செட்டி வம்சத்துப் பெண். மாரியம்மன் திருவிழாவில் எங்களுக்கு முன்னால் நிற்பார், ஆனால் தமிழ் வராது. அவர்களுடைய மலாயில்தான் பேசுவார். "ஜாங்ஙான் பாவா, சரசா. திங்கால் சாமா சாயா" என்றார். கொண்டுபோகாதே, என்னிடம் விட்டுவிட்டுப் போ என்று அர்த்தம். நான் தலையை ஆட்டிக்கொண்டே துணிகளை அடுக்கினேன். கேட்கமாட்டேன் என்று தெரிந்ததும் உள்ளே போய் ஒரு சாம்பிராணிப் பொட்டலம் கொண்டுவந்து குழந்தையைச் சுற்றும் சாரோங் துணியில் முடிந்துவிட்டார். போகிற இடத்தில் குளிப்பாட்டினால் புகை காட்டச் சொன்னார்.

2. மிச்சம் பிடித்த வகைகள்

முதலாளி மிச்சம் பிடித்ததில் பெரும்பாலானவை நல்ல யோசனைகள். மண்டபத்துக்குள் ஸ்டால் எடுத்தால் வாடகை அதிகம் என்று வெளித் திடலில் இடம் எடுத்தார். கூடாரம் விற்பவனுக்குக் கூரை எதற்கு என்பது அவர் கேள்வி. ஓட்டலில் தங்காமல் செந்தூலில் அவர் தங்கை வீட்டில் தங்கினோம். சாப்பாட்டுக்குப் புளிச்சோறு நான் கட்டினேன், நெத்திலிச் சம்பல் அவர் வீட்டிலிருந்து வந்தது. சுத்தியலும் ஏணியும் பக்கத்து இடத்துத் தூண்டில் கடைச் சீனரிடம் இரவல் வாங்கினோம். இவற்றையெல்லாம் நீங்களும் தாராளமாகச் செய்யலாம்.

சாமான் ஏற்றுவதில்தான் சறுக்கினோம். லாரி வாடகையைக் கேட்டு முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அவருடைய கூட்டாளி ஒருவர் வாராவாரம் கோலாலம்பூர்ச் சந்தைக்குப் பெலாச்சான் ஏற்றிப்போகிறவர். கூனியிறாலை உப்பிட்டு இடித்துக் காயவைத்த அந்தப் பெலாச்சான் கூடைகளின் நடுவே எங்கள் கூடாரத்துக்கு இடம் கிடைத்தது. காசு கிடையாது. நானே கூடநின்று ஏற்றினேன். மூடையை முகர்ந்தும் பார்த்தேன். வித்தியாசமாக ஒன்றும் தெரியவில்லை.

மலாக்காக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தவறு இது. எங்கள் தெருவில் மதியத்துக்கு மேல் எந்த வீட்டைத் தாண்டினாலும் பெலாச்சான் வறுபடும். அந்த வாசனைக்குள்ளேயே வளர்ந்த மூக்குக்கு அது தனியாகத் தெரிவதில்லை.

3. திடலில்

காலையில் கூடாரத்தை அடித்தோம். கயிறுகளை இழுத்துக் கட்டி, வாசல் துணியை மடித்துவிட்டதும் நன்றாகத்தான் நின்றது. வந்தவர்கள் பக்கத்தில் வந்தார்கள், மூக்கைத் தொட்டார்கள், நகர்ந்தார்கள். ஓர் அம்மா கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு, "மீன் பசார் இந்தப் பக்கமா மாறிடுச்சா?" என்று தன் கணவரிடம் கேட்டது எனக்கு நன்றாகக் கேட்டது.

தூண்டில் கடைக்காரர் சுற்றி வளைக்கவில்லை.

"பாய், உன் டெண்டுல என்னா செத்துப் போச்சு?"

"ஒண்ணும் சாகலையே!"

"அப்ப சாகப் போவுது லா. வாசம் முன்னாடியே வந்துடுச்சி."

முதலாளி உள்ளே போய்க் கேன்வாஸில் முகத்தைப் புதைத்து இழுத்து இழுத்து முகர்ந்தார். வெளியே வந்தபோது அவர் முகம் குழம்பியிருந்தது.

"எனக்கு ஒண்ணும் தெரியலியே, தங்கச்சி. பசிதான் எடுக்குது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கம்பெனி துரை சாப்பாட்டுக்குப் பிறகு வருவதாகச் சொல்லியிருந்தார். சோப்புப் போட்டு அலசலாம் என்றார் முதலாளி. கேன்வாஸை அலசினால் மேலே பூசிய மெழுகு போய்விடும், பிறகு மழைக்கு ஒழுகும் என்று கம்பெனியின் கடிதத்திலேயே இருந்தது. அதோடு, மதியத்துக்குள் காயவும் காயாது.

அப்போது குழந்தையின் சாரோங்கில் இருந்த முடிச்சு ஞாபகம் வந்தது.

குழந்தையை முதலாளியிடம் கொடுத்தேன். திடல் ஓரத்தில் குச்சியில் இறைச்சி சுட்டு விற்கும் சத்தேக்காரரிடம் ஒரு பால் டின்னில் கொட்டாங்கச்சித் தணல் வாங்கினேன். கூடாரத்துக்குள் வைத்துக் கொஞ்சம் சாம்பிராணி தூவினேன். போதுமா என்று சந்தேகமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் தூவினேன். அதுவும் போதாது என்று தோன்றியது. கடைசியில் பொட்டலத்தையே கொட்டி, வாசல் துணியை இழுத்துக் கட்டிவிட்டேன்.

தையல் ஓடிய இடமெல்லாம் புகை கிளம்பியது.

"அப்பி! அப்பி!" நெருப்பு, நெருப்பு என்று மலாயில் கத்திக்கொண்டு கண்காட்சி அதிகாரி ஓடிவந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையிலிருந்த வாளித் தண்ணீரைக் கூடாரத்தின் மேல் வீசினார். தூண்டில் கடைக்காரர் தன் பங்குக்கு இன்னொரு வாளி.

"என்சிக், நெருப்பு இல்லை, சாம்பிராணி! கெமெஞான், கெமெஞான்!" என்று அலறினேன். அதிகாரி நின்றார். மூக்கை நீட்டி முகர்ந்து பார்த்தார். அவர் முகம் தணிந்தது. "எங்க அம்மாவும் இதான் போடுவாங்க" என்றார், "ஆனா இவ்வளவு போட மாட்டாங்க."

டின்னை வெளியே எடுத்துவிட்டுத் திரும்பினேன். கம்பெனி துரை பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

4. துணிக்கு அந்தப் பக்கம்

துரை என்னைப் பார்க்கவில்லை. கேன்வாஸில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதைப் பார்த்தார். வாசல் துணியைத் தள்ளிக் கையை உள்ளே விட்டுக் கூரையைத் தடவினார். கை நனையவில்லை. பிறகு என்னிடம் ஆங்கிலத்தில் விலை, எடை, யார் வாங்குவார்கள் என்று கேட்க ஆரம்பித்தார்.

அப்போது பார்த்துக் குழந்தை அழுதாள். பால் நேரம். முதலாளி ஆட்டினார், குலுக்கினார், தன் சொங்கோக் தொப்பியையே விளையாடக் கொடுத்தார். அவள் தொப்பியைப் புல்லில் எறிந்துவிட்டு இன்னும் உரக்க அழுதாள்.

அந்தத் திடலில் மறைவிடம் என்று இருந்தது எங்கள் கூடாரம் ஒன்றுதான். உள்ளே புகை முழுதாக அடங்கவில்லை. துரை காத்திருக்கிறார். அழுகிற குழந்தையோடு நின்று பேசினால் ஒரு வார்த்தையும் புரியப்போவதில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்று சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

"மன்னிக்கவேண்டும், ஐயா. நீங்கள் கேளுங்கள், நான் உள்ளேயிருந்து பதில் சொல்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் குழந்தையோடு உள்ளே போய் வாசலைக் கட்டிக்கொண்டேன்.

பிறகு துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. நான் முந்தானையால் குழந்தையின் முகத்தை மறைத்துக்கொண்டு பதில் சொன்னேன். தோட்டத்து துரைமார்கள் ஊருக்குப் போகிறார்களே, இனி யாரிடம் விற்பீர்கள் என்றும் கேட்டார். மடியில் இருந்தவளைப் பார்த்தேன். பதில் வந்துவிட்டது.

"குடும்பங்களுக்கு, ஐயா. தஞ்சோங் கிளிங் கடற்கரைக்கு ஞாயிற்றுக்கிழமை குழந்தை குட்டியோடு போகிறார்கள். தாய்மார்கள் உட்கார்ந்து பால் கொடுக்க அங்கே ஒரு மறைப்பும் கிடையாது. இப்போது எனக்கு இருக்கிறது."

வெளியே அவர் சிரிப்பது கேட்டது. முதலாளிக்கு அந்தப் பேச்சில் ஒன்றும் புரியவில்லை. சிரிப்பு மட்டும் புரிந்து, "எஸ், எஸ்" என்றார்.

மறு மாதம் ஏஜென்சிக் கடிதம் வந்தது. என் வேலையும் தப்பியது. கண்காட்சியின் கடைசி நாளில் அந்தக் கூடாரத்தையே சத்தேக்காரர் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டார். புகையும் பெலாச்சானும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. எங்களுக்கும் திரும்பக் கொண்டுவரும் செலவு மிச்சமாயிற்று. நீங்களும் சாம்பிள் சாமானைக் கடைசி நாளில் தள்ளிவிடுங்கள், அல்லது அப்போது போய் வாங்குங்கள். அதுவரை விலை சொல்லி நிற்பவர்கள் எல்லோரும் அன்று இறங்கி வருவார்கள்.

5. மிச்சம் பிடிக்கக் கூடாதது

தங்குவதில் மிச்சம் பிடிக்கலாம். சாப்பாட்டில் பிடிக்கலாம். சாமான் போகிற வண்டியில் மட்டும் வேண்டாம். ஓசி லாரி கிடைத்தால் வெளியூர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். இது நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது.

உறுதியில்லாதது மற்றது. ஊர் திரும்பியதும் குழந்தைக்கு இருமல் வந்தது. சாதாரணச் சளி, பஸ் காற்றாக இருக்கும் என்றார் டாக்டர். நான் புகையை நினைத்தேன். பிபிக் வந்து பார்த்தார். குழந்தையின் நெஞ்சில் தைலம் தேய்த்துவிட்டு, காலியான சாரோங் முடிச்சை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இப்போது குழந்தை நடக்கிறாள். கடைக்கு வந்தால், அங்கே அடித்து வைத்திருக்கும் கூடாரத்துக்குள் நேராகப் போய் உட்கார்ந்துகொண்டு, வாசலை மூடச் சொல்லி எங்களை அதட்டுகிறாள். இந்த நேரத்தில் சிங்கப்பூரில் ஒரு கண்காட்சி வருகிறது. சில நாள் தங்கவேண்டும். "ராசியான புள்ள, கூட்டிட்டு வா. டிக்கெட்டே கேட்டாலும் நான் எடுக்கிறேன்" என்கிறார் முதலாளி. அவர் வாயில் அந்த வார்த்தை வருவது சாதாரணமில்லை. பிபிக் மறுபடியும் "திங்கால் சாமா சாயா" என்கிறார். குழந்தையும் அவர் மடிக்கு ஆசையாகப் போகிறாள். அவரிடமே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். பிறகு, என்னை விட்டு இவ்வளவு ஆசையாகப் போகிறாளே என்றும் நினைக்கிறேன்.

இதைப் படிக்கும் தாய்மார்களிடம் ஒன்று கேட்கிறேன். வேலைக்காக இந்த வயதுக் குழந்தையைச் சில நாள் விட்டுவிட்டுப் போனவர்கள் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். முதல் ராத்திரி எப்படித் தூங்கினாள் என்று பிறகு விசாரித்தீர்களா? நீங்கள் திரும்பி வந்து வாசலில் நின்று கையை நீட்டியபோது, உடனே உங்களிடம் வந்தாளா?