சோணையின் தலைத்துண்டு

மத்தியானமே மேகம் குரங்கணி மலையை மூடிவிட்டது. போடி ஆஸ்பத்திரி வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த சோணை போர்வையில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தார்.

ஆமாம், ஏலக்காயேதான். இரண்டு விரலால் போர்வையைக் கிள்ளுவார், இல்லாத கூடையில் போடுவார், அடுத்த செடிக்கு நகர்வார். “பாத்து வா புள்ள, வழுக்கும்” என்று யாரையோ எச்சரிப்பார். முந்தாநாள் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்கும்போது பம்பு கசிந்து உடம்பெல்லாம் நனைந்திருக்கிறது. மனுஷன் கழுவாமலே சாயங்காலம்வரை அடித்துவிட்டு, திரும்பும் ஜீப்பில் சுருண்டு விழுந்தார். விஷத்தை முறிக்க நரம்பில் ஏற்றும் மருந்து உடம்பை வறளவைக்கும், இப்படிக் கனவையும் அவிழ்த்துவிடும்.

நர்ஸ் பாண்டீஸ்வரிக்கு அந்தக் கனவு பிடித்திருந்தது. பதினெட்டு வருஷ சர்வீஸ்; அவள் ஒரு அதட்டல் போட்டால் கட்டிலில் உட்கார்ந்திருக்கும் சொந்தபந்தம் மொத்தமும் எழுந்துவிடும். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி சோணையிடம் மட்டும், “எத்தனை கூடை ஆச்சுண்ணே?” என்று கேட்டுக்கொண்டே அக்குளில் கை வைப்பாள். காய்ந்திருக்க வேண்டும்; வேர்த்தால் விஷம் திரும்புகிறது என்று அர்த்தம். நாடி பிடிப்பாள், டார்ச் அடித்துக் கண்மணி பார்ப்பாள், சார்ட்டில் எழுதுவாள். அரைமணிக்கொரு தரம் இதே சோலி. அவளுக்கும் பாதி மனசு அந்த மேகத்துக்குள்தான் திரியும்.

நாலு மணி இருக்கும். சோணையின் பெண்டாட்டி வீரலட்சுமி முகமெல்லாம் சிரிப்பாக ஓடிவந்தாள்.

“சிஸ்டரம்மா! அவருக்குக் குப்புனு வேர்த்துருச்சு! சூடு எறங்கிருச்சு, அசந்து தூங்குறாரு.”

பாண்டீஸ்வரி டார்ச்சைக் கையில் எடுத்தாள். சொந்த ஊர் ராசிங்காபுரத்தில் பன்னிரண்டு வயசில் அவளும் இப்படித்தான் தெருவில் ஓடினாள். மருந்தடித்துவிட்டு வந்து படுத்த அப்பாவுக்கு வேர்த்துவிட்டது, இனி பயமில்லை என்று வீடு வீடாகச் சொன்னாள். திரும்பி வருவதற்குள் அப்பா போய்விட்டார்.

ஓடினாள். சோணையின் கண்மணி கடுகாகச் சுருங்கியிருந்தது, வாயில் நுரை. ஒருக்களித்துப் படுக்கவைத்து நுரையை உறிஞ்சி எடுத்தாள், ஆக்சிஜன் வைத்தாள், டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் மருந்தைக் கூட்டினார். ஆனால் அடங்கிய விஷம் ஏன் திரும்பியது? குனிந்தவளின் மூக்கில் பூச்சிமருந்து நாற்றம் ஏறியது. தலையணையைத் தூக்கினாள். அடியில் ஒரு பழைய துண்டு, நுனியில் முடிச்சு.

“என்னக்கா இது?”

“அவரு தலைத்துண்டு. சட்டையத் தூரப் போடச் சொன்னீக, போட்டுட்டேன். இதுல கோயில் துன்னூறு முடிஞ்சு வச்சேன். அவரு துண்டுல முடிஞ்சாத்தானம்மா அவரைக் காக்கும்?”

“அடப் பாவி மக்கா! அம்புட்டும் பூச்சிமருந்துக்கா இதுல!”

வீரலட்சுமி மூலைக்கு ஒதுங்கினாள். பாண்டீஸ்வரி கையுறை மாட்டித் துண்டைப் பையில் கட்டி அப்புறப்படுத்தினாள். சோணையின் தலைமுடி, பிடரி, காதுமடல் எல்லாம் சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவினாள். தலையணையையும் விரிப்பையும் மாற்றினாள். திட்டிக்கொண்டேதான் எல்லாம் செய்தாள்.

அந்திக்கு முன்னால் சோணையின் விரல்கள் மறுபடி போர்வையைக் கிள்ளின; மருந்து பிடித்துவிட்டது. மூலையில் நின்றவளைப் பாண்டீஸ்வரி கூப்பிட்டாள். தன் கைப்பையிலிருந்த திருநீற்றுப் பொட்டலத்தையும் காயத்துக்குக் கட்டும் புதுக் காஸ் துணியையும் நீட்டினாள்.

“இதுல முடிஞ்சு வைங்கக்கா. இப்பக் கையக் கொண்டாங்க.”

வீரலட்சுமியின் கையைப் பிடித்து சோணையின் அக்குளில் வைத்தாள்.

“காஞ்சிருக்கும்மா.”

“காஞ்சுதான் இருக்கணும். ஈரம் பட்டா ஒடனே என்னையக் கூப்புடணும்.”

அப்பா படுத்த அன்றைக்குத் தன் கையை இப்படிப் பிடித்து வைக்க ஒரு ஆள் இல்லையே என்று பாண்டீஸ்வரிக்குத் தோன்றியது. சார்ட்டை எடுத்தாள், எழுத்து கலங்கித் தெரிந்தது. வெளி வராந்தாவில் வீரலட்சுமி போவோர் வருவோரையெல்லாம் நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

“வேர்க்கல! எங்க வீட்டுக்காரருக்கு வேர்க்கல!”