முகவரியின் கடைசி எண்

“கம்பெனிக்காரனுவ கூடிச் செய்யுத வேலைல்லா. நீ ஒத்தையில செஞ்சிருவியாம்மா?” என்று குற்றாலத்து விடுதி உரிமையாளர் கேட்டார். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். அறைப் பதிவுக்கான இணையதளத்தைத் தனியாகவே செய்து கொடுத்தேன்.

சீசனில் ஒருநாள் அங்கே போனபோது, தங்க வந்திருந்த ஒருவரைப் பார்த்தேன். தலை நிறைய எண்ணெய், தோளில் துண்டு. வராந்தாவில் கடந்து வந்த ஒவ்வொரு அறைக் கதவையும் விரலால் லேசாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“தங்கச்சி, இந்த சைட்டு நீ செஞ்சதாமே?” என்று போனை நீட்டினார். “என் பதிவு நாப்பத்தொண்ணு. சைட்டு முகவரிக் கடைசியில அத நாப்பதுன்னு மாத்துனேன். யாரோ பொம்பள ஆதார் அட்டைல்லா வருது!”

போனை வாங்கிப் பார்த்தேன். எல்லாருக்கும் பக்கம் ஒன்றுதான். முகவரியின் கடைசி எண்ணைப் பார்த்து, விவரங்களைச் சேமித்து வைத்திருக்கும் சர்வர் கணினி அவரவர் விவரத்தை எடுத்துத் தரும். கேட்பவர் யார் என்று சரிபார்க்கும் வரிகளை நான் எழுதவே இல்லை.

“எத்தனை பேரோடத பாத்திய அண்ணாச்சி?”

“அத விடு. அருவியில தண்ணி நல்லா விழுதாம்” என்று சிரித்தபடி படியிறங்கிப் போய்விட்டார்.

தளத்தை உடனே நிறுத்தினேன். யார் எதைத் திறந்தார்கள் என்ற சர்வர் குறிப்பைப் பார்த்தால், அவர் போனிலிருந்து அவருக்கு முந்தைய நாற்பது பதிவுகளும் வரிசையாகத் திறக்கப்பட்டிருந்தன. கெட்ட எண்ணம் என்றால் என்னிடம் ஏன் வந்து காட்டினார்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

உரிமையாளரிடம் தவறு என்னுடையது என்று சொன்னேன். விவரம் வெளியே போன நாற்பது பேரின் பட்டியலில் முதலில் இருந்தவரைப் போனில் அழைத்து, அவர் எடுத்ததும் என் பெயரைச் சொன்னேன்.