அமெரிக்கர் எழுப்பாமல் விட்டவர்

1960 செப்டம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை. ஐந்தேகாலுக்கு எழுந்தேன். பனி. மழைமானியில் ஒன்றுமில்லை. சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, பேனாவில் மை நிரப்பி, சவரம் செய்துகொண்டேன். ஏழு மணிக்கு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும். முந்தின நாள் நாடகத்தைப் பற்றிக் குறிப்பு எழுத உட்கார்ந்தபோது வாசலில் மூன்று பேர் நின்றார்கள்.

அப்போது நான் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். சனிக்கிழமை பிற்பகல் பாடசாலை மண்டபத்தில் நாங்கள் போட்டது ஓர் அமெரிக்கர் எழுதிய நாடகம். தமிழில் ஆக்கியவன் நான். பதினான்கு மாதம் பிடித்தது. ஒரு வரி கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. திரை விலகுமுன் அந்த அமெரிக்கரின் வாழ்க்கை வரலாற்றை ஐந்து நிமிடம் வாசித்தேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கடைசிக் காட்சியில் தகப்பன் இறந்துபோகிறார். மனைவி அழுகிறாள். அத்தோடு திரை. ஆனால் தொழிலாளர் லயத்துப் பெண்கள் ஒப்பாரி வைக்கத் தொடங்கி அரை மணி நேரம் நிறுத்தவில்லை. நல்ல வரவேற்பு என்று எடுத்துக்கொண்டேன்.

வாசலில் நின்றவர்களில் ஒருவர் தகப்பனாக நடித்தவர். தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. அடுத்தது அவர் மனைவி. மூன்றாவது, வியாழக்கிழமை அவர்கள் மகளை மருமகளாக்கிக்கொள்ளப்போகும் சம்பந்தியம்மா. அவர்தான் பேசினார்.

"ஐயா, இவர எப்ப எழுப்புவீங்க?"

"யாரை?"

"இவரத்தான். நேத்து நாடகத்துல செத்தாரே. நாளைக்கு மூணாம் நாளு."

காமன் கூத்தில் சிவன் கண்ணால் எரிந்துபோன காமனை மூன்றாம் நாள் எழுப்பியாக வேண்டும். எழுப்பாவிட்டால் வேடம் கட்டியவர் வீட்டில் நல்ல காரியம் எதுவும் நடக்காது. வருடாவருடம் காமன் கூத்து பார்த்தும் எனக்கு இது தோன்றவில்லை.

"செத்தவரு கையால எம் மகனுக்குத் தாரவாத்துக் குடுக்க விடமாட்டேன். எழுப்பாட்டி கலியாணம் இல்ல."

"நேத்து இவருக்குச் சோறு போடவே கை வரல ஐயா," என்றார் மனைவி.

"பசிக்குதுன்னு சொல்லிப் பாத்தேன்," என்றார் இறந்தவர்.

"நீ பேசாத," என்று மனைவி அதட்டினார்.

இது வேறு வகை நாடகம், எழுதியவர் எழுப்பவில்லை, நாமாக எழுப்பக்கூடாது என்று விளக்கினேன்.

"அவரு கதையத்தான் நீங்க வாசிச்சீங்களே," என்றார் சம்பந்தியம்மா. "மொத நாடகத்த ஆறு நாள்ல மூடிட்டாங்க. பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டா. பொறகு வீடு எரிஞ்சுபோச்சு. ஏன்னு நெனைக்கிறீங்க?"

நேற்று வாசித்த வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் பார்த்தேன். மூன்றும் அதே வரிசையில் இருந்தன.

"அந்த மொத நாடகத்துலயும் யாராச்சும் செத்தாங்களா?"

"இரண்டு பேர்."

"பாத்தீங்களா?"

அமெரிக்கருக்கு எழுதி அனுமதி கேட்கலாம். கடிதம் போய்வர ஆறு வாரம். கலியாணத்துக்கு நான்கு நாள்.

"கொன்னவருதான் எழுப்பணும்," என்றார் அந்தம்மா.

"கொன்றவர் அமெரிக்காவில் இருக்கிறார்."

"தமிழ்ல கொன்னது நீங்கதானே ஐயா."

பெண்ணின் தகப்பன் என் மேசைக்காலையே பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்றேன்.

பிற்பகல் முழுவதும் எழுப்பும் காட்சியை எழுதினேன். முதலில் ஒன்றரைப் பக்கம் வந்தது. இறந்தவர் தம் வாழ்க்கையைப் பற்றி நீளமாகப் பேசினார். அமெரிக்கர் அப்படி எழுதமாட்டார் என்று கிழித்தேன். இரண்டாவது அரைப்பக்கம். அதையும் கிழித்தேன். விளக்கேற்றும் நேரத்தில் ஒரு வரி மிஞ்சியது. அதை மனப்பாடம் செய்துகொண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை, மூன்றாம் நாள். வேலைக்குப் பெயர் கூப்பிடுமுன், ஐந்தரை மணிக்கு, ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் அவர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். பெண்கள் கூடையோடு சுற்றி நின்றார்கள். சம்பந்தியம்மா ஒரு செம்புத் தண்ணீரை என் கையில் கொடுத்தார். மூன்று தரம் தெளித்து, "எந்திரிங்க, விடிஞ்சிருச்சு," என்றேன். அசைவில்லை. நன்றாக நடிக்கிறார் என்று நினைத்தேன், தூங்கிப்போயிருந்தார். மறுபடியும், கொஞ்சம் உரக்கச் சொன்னேன். எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"வாங்க சம்மந்தி," என்று அந்தம்மா அவர் நெற்றியில் திருநீறு பூசினார்.