எஸ்தர் அக்கா பறிக்கப்போன புளியங்கொழுந்து

எஸ்தர் அக்கா செத்துப்போய்விட்டார். நேற்று மதியம், எங்கள் கம்பெனி பின்கேட்டுக்கு வெளியே இருக்கும் புளியமரத்தடியில். கரண்ட் ஷாக்.

கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் இரங்கல் போட்டிருக்கிறார்கள். "பணி நேரத்தில் அனுமதியின்றி வெளியே சென்று கீரை பறித்தபோது"... அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடு. ஒருத்தன் "கீரைக்கு ஆசைப்பட்டு உயிரையே விட்டாங்களே" என்று எழுதியிருக்கிறான். வயிறு எரிகிறது எனக்கு.

தெரியாதவர்களுக்கு... கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் ஒரு ஸ்டீல் கம்பெனியில் நான் வெல்டர். அக்கா அங்கே காண்டிராக்டில் ஹவுஸ்கீப்பிங். பெருக்குவது, கக்கூஸ் கழுவுவது, ஆபீஸுக்கு டீ கொடுப்பது எல்லாம் அவர்தான்.

வேலை முடிந்து ஸ்டேஷனுக்கு நடக்கிற வழியிலேயே கீரை அவர் பைக்குள் ஏறிவிடும். மழைக்காலத்தில் குப்பைக்கீரை, பனிக்காலத்தில் மூக்கிரட்டை, பங்குனி பிறந்தால் புளியங்கொழுந்து. மறுநாள் டிபன் பாக்ஸில் வரும்.

கம்பெனிக் கால்வாய் ஓரத்தில் எவ்வளவு தளதளவென்று முளைத்திருந்தாலும் தொடமாட்டார். "அத்த மாடே மோந்து பாத்துட்டுப் போயிடுது. நாம துன்னலாமா?"

டீ டைமில் நான் பன் தின்பதைப் பார்த்தால் விடமாட்டார். "இன்னா தம்பி, இரும்புக் கம்பெனில வேல செய்யற, ஒடம்புல இரும்பே இல்லியே! இந்தா, துன்னு."

பருப்போடு கடைந்த புளியங்கொழுந்து. அந்தப் புளிப்புக்கு இன்னும் நாலு வாய் சோறு கூட இறங்கும்.

கையெட்டும் கிளையில் மட்டும்தான் கிள்ளுவார். மரத்தில் ஏறிப் பறித்துத் தரட்டுமா என்று ஒருநாள் கேட்டேன். "வோணாம்பா. ஒரு வேளைக்கு ரெண்டு கை போதும்" என்றார்.

அந்தக் கடையல் ஒருநாள் பிளான்ட் மேனேஜர் டேபிளுக்குப் போனது. அங்கே பிடித்தது சனி.

நேற்று காலை அக்காவைக் கூட்டிக்கொண்டு என் ஷெட்டுக்கே வந்தார் மேனேஜர். "நாளைக்கு ஹெட் ஆபீஸ்லேருந்து கெஸ்ட் வர்றாங்க. ரெண்டு பை நிறைய கொழுந்து வேணும்."

"கீழ்க் கெளையெல்லாம் கிள்ளியாச்சு சார். இனிமே மேலதான் கீது."

"அதுக்குத்தானே வெல்டர் இருக்கான்? ஒரு பைப்ல கொக்கி வெச்சுக் குடுப்பா."

அக்கா கேட் பாஸ் கேட்டார். "இதோ இருக்கற மரத்துக்கு எதுக்கு பாஸ்? போய்ட்டு வாங்க, நான் சொல்லிக்கறேன்" என்றார் மேனேஜர். இப்போது சொல்லிவிட்டார் பாருங்கள்... அனுமதியின்றி என்று.

ஹெல்மெட் பட்டியை மாட்டாமல் நின்றால் மெமோ கொடுக்கிற கம்பெனி இது. இருபதடி இரும்புப் பைப்பைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் கேட்டைத் தாண்டுகிறார், ஒருத்தனும் ஏன் என்று கேட்கவில்லை.

நானும்தான் கேட்கவில்லை. கொக்கியைப் பற்றவைத்துக் கொடுத்ததே நான்.

அந்த மரத்தை ஒட்டி ஹைடென்ஷன் கரண்ட் லைன் போவது எனக்குத் தெரியும். தினமும் அதன் கீழேதான் பைக் நிறுத்துகிறேன். ஒரு மூங்கில் கழி தேடிக் கொடுக்கலாம் என்று இந்த மண்டைக்குத் தோன்றவில்லை. கொடுத்துவிட்டு அடுத்த ஜாபைப் பார்க்கப் போய்விட்டேன்.

இன்று காலை அக்காவின் மகள் போன் செய்தாள். "அம்மா பைப்பத் திருடிக்கினு போச்சுன்னு சொல்றாங்கண்ணா. எங்கம்மா அப்பிடிலாம் செய்யாதுண்ணா. இன்னா ஆச்சுன்னு நீயாவது சொல்லுண்ணா."

கோழை மாதிரி போனை வைத்துவிட்டேன். அதனால்தான் இங்கே, எல்லாரும் பார்க்க எழுதுகிறேன்.

உன் அம்மா திருடவில்லை தங்கச்சி. கீரைக்கு ஆசைப்பட்டதும் அவர் இல்லை. அனுப்பியது மேனேஜர். பைப் நான் கொடுத்தது. போலீஸிலும் இதையேதான் சொல்லப்போகிறேன். வேலை போனால் மயிரே போச்சு.

நாலு மணிக்கு அடக்கம். மேனேஜர் மாலையோடு வந்தால் வரட்டும். அவர் முன்னாலேயே உன்னிடம் இதைச் சொல்கிறேன்.

அக்கா... எந்த முகத்தை வைத்துக்கொண்டு உங்களிடம் மன்னிப்புக் கேட்பேன்?

போய் வாங்கக்கா.