பச்சை உடம்பும் பீலித் தண்ணீரும்

எங்கள் மீன் படுத்துவிட்டதை முதலில் கண்டது அம்மாதான். "தொரை இன்னிக்கி எந்திரிக்கலையே" என்று வாய் அகன்ற கண்ணாடிப் போத்தலுக்குள் எட்டிப் பார்த்துச் சொன்னார். அது நீல நிறத்தில், நீண்ட வால் வைத்த ஒரு ஃபைட்டர் மீன். தேயிலைத் தோட்டத்துத் துரையைப் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போத்தலைச் சுற்றிவந்ததால் அம்மா அதற்கு அப்படியொரு பட்டப்பெயர் வைத்திருந்தார். அன்று அது அடியில் கிடந்த கூழாங்கற்களின்மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. செவுள் மட்டும் மெல்ல அசைந்தது.

அம்மா தோட்டத்திலிருந்து வத்தேகமயில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தது பிள்ளைப்பேறு பார்க்க. பார்க்கப் பிள்ளை இல்லை. நிறைமாதத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோய், கண்டியில் ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து எடுத்தார்கள். ஆண் பிள்ளை. நான் மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது என் கணவரும் என் அண்ணனும் அவனை அடக்கம் செய்துவிட்டே வந்திருந்தார்கள். பார்த்தால் தாங்கமாட்டாள் என்று எல்லாரும் சேர்ந்து முடிவெடுத்தார்களாம். அந்த எல்லாரிலும் நான் சேர்த்தியில்லை. எங்கள் பக்கத்தில் இது வழக்கம் என்றார்கள். அந்த வழக்கத்தின்மேல் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

பிள்ளை இல்லாவிட்டாலும் பிள்ளை பெற்றவளுக்குரிய கட்டுத்திட்டம் எதிலும் அம்மா எனக்கு விலக்குத் தரவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காய மருந்தை இடித்து உருண்டை உருண்டையாக விழுங்க வைத்தார். காதில் பஞ்சு. குடிக்க வெந்நீர், குளிக்க வெந்நீர், கை கழுவவும் வெந்நீர். பால் கட்டி மார்பு கல்லாகிப் போக, பழைய சேலைத் துணியால் இறுக்கிக் கட்டிவிட்டார். "பச்ச ஒடம்பு, பச்சத் தண்ணியில வெரலக்கூட வைக்காத" என்பதைக் காலையிலும் மாலையிலும் சொன்னார். எதிர்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. படுத்தே கிடந்தேன். தலை வாரச் சொன்னால் அழுதேன், சாப்பிடச் சொன்னால் எரிந்து விழுந்தேன்.

அப்போதுதான் கணவர் அந்த மீனை வாங்கி வந்தார். பல்லேகலயில் ஆடைத் தொழிற்சாலையில் வேலை அவருக்கு. லீவு நாளில் கண்டி டவுனுக்குப் போய், மீனைப் பொலித்தீன் பையில் தண்ணீரோடு கட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்திருந்தார். என் கால்மாட்டில் மேசை போட்டு, போத்தலை வைத்து, "பாத்துக்கிட்டு இரு, பொழுது போகும்" என்றார். பிள்ளைக்குப் பதிலாக மீனா என்று எனக்கு வயிறு எரிந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் எத்தனை நேரம்தான் சுவரைப் பார்ப்பது? ஒருநாள் எழும்பி உட்கார்ந்தபோது அது கண்ணாடியருகே வந்து என் முகத்துக்கு நேரே நின்றது. நான் நகர, அதுவும் நகர்ந்தது. அதற்கு இரை போடுவதற்காகவே மறுநாள் காலையில் கட்டிலைவிட்டு இறங்கினேன். பிறகு ஒவ்வொரு காலையும் இறங்கினேன். அது இல்லாவிட்டால் நான் எதற்காக எழும்புவேன் என்று எனக்கே தெரியவில்லை. இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அதனால்தான் மீன் படுத்ததும் வீடே பதறிப்போனது. மேலே மிதந்த இரை ஊறிப் பருத்து அடியில் போய் விழுந்தது, மீன் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டி மடக்கிவைத்திருந்தது. எப்போதாவது தட்டுத்தடுமாறி மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு மறுபடி அடியில் வந்து விழுந்தது. நான் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மேசையில் போத்தலைக் காணவில்லை. குசினியில் அரிசி டின்னுக்குப் பின்னால் கண்டுபிடித்தேன். "வெளிச்சம் கூடாதாம்" என்று கணவர் ஏதோ சாக்குச் சொன்னார்.

"கொண்டாந்து வைங்க. செத்தாலும் என் கண்ணு முன்னால சாகட்டும்" என்று கத்தினேன். தையல் போட்ட இடம் சுரீர் என்று இழுத்தது. அவர் போத்தலைத் தூக்கிவந்து மேசையில் வைத்தார்.

மீன் விற்ற கடைக்குக் கணவரின் போனிலிருந்து நானே பேசினேன். கடைக்காரர் முஸ்லிம் மனிதர். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "தங்கச்சி, தண்ணி கூலா ஈக்கா, வெதுவெதுப்பா ஈக்கா?" என்றார். அத்தனை நாள் அதற்கு இரை போட்டேன், அதனோடு பேசினேன். அது கிடந்த தண்ணீரில் ஒருநாளும் விரல் வைக்க எனக்கு அனுமதி இருக்கவில்லை.

தண்ணீர் மாற்றியது அம்மா. எங்கள் வீட்டுக்கு மேலே, வளைவில் மலையிலிருந்து குழாய் வைத்து விழுத்தியிருக்கும் பீலி ஒன்று உண்டு. குழாய்த் தண்ணீரில் மருந்து வாசம் வருகிறது என்று அம்மா தினமும் விடிய அந்தப் பீலிக்கு ஏறிப்போய், கேனில் பிடித்துவந்து, பழைய தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றினார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்குப் பீலித் தண்ணீரை மிஞ்சிய தண்ணீர் உலகத்திலேயே கிடையாது. மார்கழி மாதம் அது. வெயில் ஏறும்வரை எதிர்வீடு பனியில் தெரியாது.

போனை வைக்காமலே போத்தலுக்குள் கையை விட்டேன். "ஐயோ, பச்ச ஒடம்பு!" என்று அம்மா அலறினார். குளிர் எலும்புக்குள் இறங்கியது. என்னை வெந்நீரில் வேகவைத்துக்கொண்டு, பக்கத்திலேயே அந்த உயிரை ஐஸில் போட்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அது அப்படியே அழுகையாக மாறியது.

"அது சூட்டுத் தண்ணி மீன். ஒரேயடியா சூடாக்கிப் போடாதீங்க, அதுக்கும் மவுத்தாகிடும்" என்றார் கடைக்காரர். "கொஞ்சம் கொஞ்சமாச் செய்ங்க. கொட்டம்பா எல காஞ்சது ஒண்டு போட்டுப் பாருங்க."

அன்று முழுவதும் தலைகீழாக நின்று தண்ணீர் குடித்தேன். பேசினில் வெந்நீர் விட்டு, அதற்குள் போத்தலை நிறுத்தி, ஆறஆற மாற்றினேன். போத்தலைச் சுற்றித் துவாய் கட்டினேன். காற்றுக்காக மேலே ஏறிவர மீன் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், ஒரு கோப்பையால் தண்ணீரை மொண்டு மொண்டு குறைத்தேன், அதற்கு ஏறும் தூரம் குறையட்டும் என்று. கணவர் எங்கேயோ அலைந்து கொட்டம்பா என்கிற நாட்டு வாதுமை மரத்தடியில் காய்ந்த இலை பொறுக்கி வந்தார். அம்மா கதவோரம் நின்று, "நல்லதுன்னுதானே ஊத்துனேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பரவாயில்லை அம்மா என்று ஒரு வார்த்தை என் வாயில் வரவில்லை. எனக்கும் எல்லாம் நல்லதென்றுதானே செய்தார்கள்.

மறுநாள் மீன் எழும்பியது. இலைச் சாயம் இறங்கிய தண்ணீரில் ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு மணி இரையை வாயில் எடுத்து, துப்பி, மறுபடி எடுத்து விழுங்கியது. நான் கை தட்டினேன். அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். அன்று பகல் நானாகவே சோறு போட்டுச் சாப்பிட்டேன்.

அதற்கடுத்த நாள் அது எழும்பவில்லை. தண்ணீரின் சூட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. குளிர் அதற்குள் ஏற்கெனவே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டிருந்தது போலும். பின்னேரம் செவுளும் நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றது.

கணவர் விரைந்து வந்து போத்தலைத் தூக்கினார். "நீ உள்ள போ. நான் பாத்துக்கிறேன்" என்றார்.

"இந்தத் தடவ நான் பாத்துக்கிறேன்" என்று போத்தலை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் முகம் வெளிறியது. தண்ணீரை வடித்து, மீனை என் உள்ளங்கையில் எடுத்தேன். பாரமே இல்லை. நீலம் இன்னும் மங்கவில்லை. வாலை விரலால் விரித்துப் பார்த்தேன், கண்ணைப் பார்த்தேன், வாயைப் பார்த்தேன். போதும் போதும் என்னும்வரை பார்த்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. பிறகு வெளியே போய், கறிவேப்பிலைச் செடியடியில் கரண்டியால் தோண்டி நானே புதைத்தேன். கணவர் பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தார்.

மண்ணைத் தட்டிவிட்டு, திரும்பாமலே கேட்டேன்: "அவனுக்குத் தலையில முடி இருந்துச்சா?"

வாசலில் நின்ற அம்மா, "இப்ப எதுக்குடி அதெல்லாம்" என்று தொடங்கினார். நான் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். அதுவரை இதைப் பற்றி நான் கணவரிடம் ஒன்றும் கேட்டதில்லை, அவரும் ஒன்றும் சொன்னதில்லை. பதில் வராது என்றுதான் நினைத்தேன். அவர் என் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார்.

"இருந்துச்சு" என்றார். "நெறைய. மூக்கு ஒன்னோட மூக்கு." நான் தட்டிய மண்ணை ஒருமுறை தடவினார். பிறகு, "நான் அவன கையில வாங்குறப்ப இன்னும் சூடாத்தான் இருந்தான்" என்றார்.